கேள்வி–பதில்: சமூக ஊடகப் பணியாளர்களுக்கு உள்ளூரில் ஒரு கிளப்

சமூக ஊடக வேலையில் இருப்பவர்களுக்காகத் தன்னார்வலர்களே நடத்தும் உள்ளூர் கிளப்புகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கே: பிராண்டுகளின் பக்கங்களைக் கவனிப்பவர்கள், ஏஜென்சிக்காரர்கள், தனியாகத் தொழில் செய்பவர்கள் என ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிளப் தொடங்குகிறோம். பெயரும் லோகோவும் தயார். உடனே சங்கமாகப் பதிவு செய்துவிடலாமா?

ப: லோகோவும் பதிவும் காத்திருக்கலாம், முதலில் தேதி வேண்டும். மாதத்தின் இரண்டாவது வியாழன், மாலை ஆறரை முதல் எட்டு வரை என்பதுபோல மாறாத ஒரு நேரத்தைக் குறியுங்கள். ‘எல்லோருக்கும் எந்த நாள் தோது?’ என்று மாதாமாதம் வாக்கெடுப்பு வைத்தால் பேச்சு இழுத்துக்கொண்டே போகும், கூட்டம் நடக்காது. நாள் நிலையாக இருந்தால் இந்த மாதம் வர முடியாதவர்கூட அடுத்த மாதத்துக்கு வேலையை ஒதுக்கிவைத்துக்கொள்வார்.

பெரிய அறிவிப்பு எதுவும் இல்லாமல் மூன்று கூட்டங்கள் நடத்திப் பாருங்கள். மூன்றாவதுக்கு, உங்கள் நட்பு வட்டத்தில் இல்லாத பத்துப் பேராவது வந்தால் கிளப்புக்குத் தேவை இருக்கிறது என்று அர்த்தம். பதிவு செய்யும் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக, கிளப்பின் பெயரில் பணம் வாங்கும்போதோ அரங்கத்துக்கு ஒப்பந்தம் போடும்போதோதான் அந்தத் தேவை எழும். அதுவரை ஒரு பக்கத்தில் எழுதிய விதிகள் போதும்: யார் உறுப்பினராகலாம், பொறுப்பாளர்கள் எத்தனை பேர், பதவிக்காலம் எவ்வளவு, ஒரு முடிவு செல்லுபடியாக எத்தனை பேர் இருக்க வேண்டும், கிளப் கலைந்தால் மிச்சப் பணம் எங்கே போகும். இந்தக் கடைசி விதியைக் கையில் பணம் இல்லாதபோதே எழுதிவிடுங்கள். பணம் சேர்ந்தபிறகு எழுத உட்கார்ந்தால் மனத்தாங்கல் வரும்.

கே: கமிட்டியில் ஆறு பேர் இருக்கிறோம். ஆனால் பேச்சாளரைப் பிடிப்பது முதல் நாற்காலி எடுத்து வைப்பது வரை எல்லாம் ஒருவர் தலையில்தான் விழுகிறது. அவரும் இப்போது விலகப்போவதாகச் சொல்கிறார்.

ப: இப்படிப்பட்ட கிளப்புகள் உறுப்பினர் குறைந்து சாவதைவிட, ஒருவர் களைத்துப்போனதால் சாவதே அதிகம். எனவே இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

வேலையை ஐந்தாகப் பிரியுங்கள்: நிகழ்ச்சி, இடம், உறுப்பினர் பதிவு, அறிவிப்புகள், கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு துணை. துணை என்பவர் வேலையைப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்பவர் அல்லர். பொறுப்பாளர் வராத நாளில் அதை முழுதாகச் செய்யத் தெரிந்தவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே துணையிடம் வேலையை ஒப்படையுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பதவி பெயரளவில்தான் இருக்கும்.

பதவிக்காலம் 12 மாதம். எல்லோரும் ஒரே நாளில் இறங்க வேண்டாம். ஐவரில் இருவரை ஜனவரியிலும் மூவரை ஜூலையிலும் மாற்றினால் விவரம் தெரிந்தவர்கள் எப்போதும் உள்ளே இருப்பார்கள். ஒருவருக்கு வாரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை போனால், அது இரண்டு ஆள் வேலை. ஆளை மாற்றாமல் வேலையைப் பிரியுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், உதவி கேட்கும் விதம். ‘யாராவது கொஞ்சம் உதவ முடியுமா?’ என்று குரூப்பில் கேட்டால், வேறு யாராவது செய்வார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஒருவரைத் தனியாக அழைத்து, ஒரே ஒரு வேலையை, முடியும் தேதியோடு கேளுங்கள்: ‘வரும் வியாழன் ஆறு மணிக்கு வாசலில் நின்று பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்க முடியுமா? முப்பது நிமிட வேலை.’ இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நாளைய பொறுப்பாளர்களும் இந்த முப்பது நிமிட வேலைகளிலிருந்துதான் வருவார்கள். நேராகக் கமிட்டிக்கு அழைத்தால் பயந்து ஒதுங்குவார்கள்.

விலக நினைப்பவரைத் தடுக்காதீர்கள். அவரிடம் ஆறு வாரம் மட்டும் கேளுங்கள். ஒரு கூட்டத்துக்கான வேலைகளை, ஆறு வாரம் முன்பு தொடங்கி மறுநாள் நன்றிக் கடிதம் வரை, அவர் வாயால் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொள்ளட்டும். ஆறு வாரம் முன்பு பேச்சாளர் உறுதி, நான்கு வாரம் முன்பு இடம் உறுதி, மூன்று வாரம் முன்பு பதிவு திறப்பு, ஒரு வாரம் முன்பு ஒலிபெருக்கி, புரொஜெக்டர், வைஃபை சோதனை என்று வரிசையாக வர வேண்டும். அவரையே எழுதித் தரச் சொன்னால் அது முடியாது. களைத்தவருக்கு அது இன்னொரு சுமை.

கே: அறுபது பேர் பதிவு செய்கிறார்கள். வருவது முப்பதுதான். பேச்சாளர் முன்னால் வெட்கமாக இருக்கிறது.

ப: இலவசக் கூட்டங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை வராமல் போவது சகஜம். பதிவு செய்தவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று குறித்து வந்தால், மூன்று நான்கு கூட்டங்களில் உங்கள் கிளப்பின் விகிதம் பிடிபடும். அதன்படி பதிவைத் திறங்கள்.

நினைவூட்டல் மூன்று: ஏழு நாள் முன்பு, முந்தைய நாள், அன்று காலை. மூன்றிலும் ‘வர முடியாவிட்டால் இங்கே தொடுங்கள்’ என்ற இணைப்பு முதல் வரியிலேயே இருக்கட்டும். ரத்து செய்வது சிரமமாக இருந்தால் யாரும் சொல்லாமலே நின்றுவிடுவார்கள், காத்திருப்போர் பட்டியலும் வீணாகும். அரங்கில் நாற்காலிகளை எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டு, மீதியைச் சுவரோரம் அடுக்கிவையுங்கள். அறுபது நாற்காலியில் முப்பது பேர் சிதறி உட்கார்ந்தால் கலந்துரையாடல் எழும்பாது. அதே முப்பது பேர் நெருங்கி உட்கார்ந்தால் பேச்சு தானாகத் தொடங்கும்.

கே: அழைத்த பேச்சாளர் நாற்பது நிமிடமும் தன் நிறுவனத்தைப் பற்றியே பேசினார். எப்படித் தடுப்பது?

ப: அழைப்புக் கடிதத்தில்தான் தடுக்க வேண்டும், மேடையில் முடியாது. கடிதத்தில் ஐந்து விஷயம் இருக்கட்டும்: பேச்சு 20 நிமிடம், கலந்துரையாடல் 25 நிமிடம், எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு பிரச்சாரம் அல்லது ஒரே ஒரு நெருக்கடி, அதில் சரிவராத ஒன்றையாவது சொல்ல வேண்டும், நிறுவனத்தின் பெயர் முதல் ஸ்லைடிலும் கடைசி ஸ்லைடிலும் மட்டும். ஒரு வாரம் முன்பே ஸ்லைடுகளை வாங்கிப் பாருங்கள்.

வெளிப் பேச்சாளரையே மாதாமாதம் தேட வேண்டியதும் இல்லை. 20 ஸ்லைடு, ஸ்லைடுக்கு 20 விநாடி என்று ஓடும் பெச்சா குச்சா முறை 2003இல் டோக்கியோவில் தொடங்கியது. 6 நிமிடம் 40 விநாடியில் பேச்சு முடிந்துவிடும் என்பதால், மேடைக்குப் புதியவர்களும் துணிந்து வருவார்கள். எங்கள் கணிப்பில் அதைவிடப் பயனுள்ளது ‘சிக்கல் மேசை’. உறுப்பினர் ஒருவர் தன் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கலை 3 நிமிடத்தில் சொல்வார். அடுத்த 2 நிமிடம் சந்தேகக் கேள்விகள் மட்டும். அடுத்த 8 நிமிடம் மற்றவர்கள் யோசனை சொல்வார்கள், சிக்கலைக் கொண்டுவந்தவர் வாய் திறக்காமல் குறித்துக்கொள்வார். கடைசி 2 நிமிடத்தில், எதை முயன்றுபார்க்கப் போகிறார் என்று அவர் சொல்வார். மொத்தம் 15 நிமிடம், ஒரு மாலையில் நான்கு சிக்கல்கள். நடுவில் அவர் பதில் பேச ஆரம்பித்தால் எட்டு நிமிடமும் விளக்கத்திலேயே போய்விடும். நேரம் பார்ப்பவர் இந்த விதியைத் தளர்த்தக் கூடாது.

கே: போட்டி நிறுவனங்களின் ஆட்கள் ஒரே அறையில் இருக்கிறார்கள். கிளையன்ட் விவரம் வெளியே போய்விடுமோ என்று யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை.

ப: லண்டனிலுள்ள சாத்தம் ஹவுஸ் என்ற சர்வதேச விவகார ஆய்வு நிறுவனம் 1927இல் வகுத்த விதி ஒன்று இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. கூட்டத்தில் கேட்டதைப் பயன்படுத்தலாம், ஆனால் அதை யார் சொன்னார், அவர் எந்த நிறுவனம், வேறு யார் வந்திருந்தார்கள் என்பதை வெளியிடக் கூடாது. எதையும் உடனே ஸ்டோரியாகப் போடும் பழக்கமுள்ளவர்களின் கூட்டம் இது. அதனால் விதி இருந்தால் மட்டும் போதாது, நேரத்தையும் பிரித்துவிடுங்கள். முதல் பாதி பதிவிடலாம். இரண்டாம் பாதி தொடங்கும்போது திரையில் ‘இனி பதிவு இல்லை’ என்று எழுதி, போன்களைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.

எண்களை விகிதமாகச் சொல்லப் பழக்குங்கள். ‘ரீச் (பதிவு போய்ச் சேரும் ஆட்களின் எண்ணிக்கை) மூன்றில் ஒரு பங்காக விழுந்தது’ என்றாலே பாடம் கிடைத்துவிடும், உண்மை எண் தேவையில்லை. திரையில் காட்டுபவர் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, புதிய பிரவுசர் புரொஃபைலில் திறக்கட்டும். கிளையன்ட் பெயர் கசிவதற்குப் பேச்சைவிட, மேலே திறந்து கிடக்கும் டேப்களே காரணமாகிவிடும்.

கே: கிளப்பின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸாப் எல்லாம் முன்னாள் ஒருங்கிணைப்பாளர் கையில். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், பதிலும் இல்லை.

ப: முதலில் கோபமில்லாமல், ஒரே ஒருவர் போனில் பேசுங்கள். பலர் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினால் அவர் இன்னும் ஒதுங்கிக்கொள்வார். கேட்பதும் குறிப்பாக இருக்கட்டும்: ‘இருபது நிமிடம் தாருங்கள், சேர்ந்தே மாற்றிவிடலாம்.’ இரண்டு வாரத்தில் நகரவில்லை என்றால் புதிய கணக்குத் தொடங்கி, உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். கிளப்பின் உண்மையான சொத்து ஃபாலோயர் எண்ணிக்கை அல்ல, உறுப்பினர்களின் மின்னஞ்சல் பட்டியல். அது கையில் இருந்தால் எதையும் மீண்டும் கட்டலாம்.

இனி இப்படி நேராமலிருக்க, கிளப்புக்கென்று ஒரு மின்னஞ்சலும் ஒரு போன் எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கணக்கும் அந்த இரண்டில்தான் இருக்க வேண்டும். ஃபேஸ்புக் பக்கத்துக்குப் பாஸ்வேர்டைப் பகிர வேண்டாம். இரண்டு பேருக்கு, முடிந்தால் மூன்று பேருக்கு முழு அனுமதி கொடுங்கள். இன்ஸ்டாகிராமில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அது தரும் பேக்கப் குறியீடுகளை (போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் எண்கள்) தாளில் எடுத்து இருவரிடம் வையுங்கள். ஒருவருடைய சொந்த எண்ணுக்கு ஓடிபி போகும்படி விட்டால், அவர் எண்ணை மாற்றும் நாளில் பக்கமும் பூட்டிக்கொள்ளும். வாட்ஸாப் குரூப்பைத் தொடங்கியவரை மற்ற அட்மின்களால் நீக்க முடியாது. ஆகவே கிளப் எண்ணிலிருந்தே குரூப்பைத் தொடங்குங்கள். இணையதள முகவரியான டொமைன் பெயரும் சொத்துப் பட்டியலில் சேரட்டும், புதுப்பிக்க வேண்டிய தேதியோடு. ஒவ்வொருவர் பதவி மாறும்போதும் பட்டியலை வரிசையாகச் சரிபார்த்தபின் பொறுப்பை மாற்றுங்கள்.

கே: குரூப்பில் காலை வணக்கம், ஃபார்வர்டு, வேலை விளம்பரம். பயனுள்ளவர்கள் மெல்ல வெளியேறுகிறார்கள்.

ப: இரண்டாகப் பிரியுங்கள். அறிவிப்புக் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதட்டும், வாரம் இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். பேச்சுக் குரூப்பில் எல்லோரும் எழுதலாம். வேலை விளம்பரத்துக்கு வடிவம் வையுங்கள்: பதவி, இடம், சம்பள வரம்பு, கடைசித் தேதி, தொடர்பு. சம்பளம் குறிக்காத விளம்பரத்தை ஏற்காதீர்கள். உறுப்பினர்களின் நேரத்துக்கு நீங்கள் தரும் மரியாதை அது.

கே: ஸ்பான்சர் ஒருவர் அரங்க வாடகை தருவதாகச் சொல்கிறார். பதிலுக்கு உறுப்பினர் பட்டியல் கேட்கிறார்.

ப: கொடுக்காதீர்கள். இரண்டு நிமிட அறிமுகம், திரையில் லோகோ, வாசலில் ஒரு மேசை, இவை போதும். விரும்பும் உறுப்பினர் தாமே அந்த மேசைக்குப் போய் எண் கொடுக்கட்டும். இவ்வளவுதான் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டபின் சம்மதியுங்கள்.

கே: கூட்டத்தில் எடுத்த படத்தைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள் என்று உறுப்பினர் ஒருவர் வருந்துகிறார். படம் வேண்டாம் என்பவர்களை விட்டுவிட்டு எடுப்பது எப்படி?

ப: பெயர் அட்டைக்கு இரண்டு நிற நாடா: படம் எடுக்கலாம் என்பவருக்கு ஒன்று, வேண்டாம் என்பவருக்கு இன்னொன்று. கூட்டமாக எடுக்கும் படத்திலும் நிறம் கண்ணுக்குத் தெரியும். இப்போதைக்கு அந்தப் படத்தை அன்றே நீக்குங்கள், காரணம் கேட்க வேண்டாம். வேறு வகைத் தொல்லை பற்றிய புகார்களுக்கு இரண்டு பேரை நியமியுங்கள், அதில் ஒருவர் கமிட்டிக்கு வெளியே இருப்பவர். புகாரே கமிட்டியில் ஒருவர் மீது வந்தால் போக இடம் வேண்டும்.

கே: ஓராண்டாக நடத்துகிறோம். பன்னிரண்டு பேருக்கு மேல் வருவதில்லை. நிறுத்திவிடலாமா?

ப: பன்னிரண்டு பேரும் ஒரே ஆட்களா, அல்லது மாதாமாதம் முகங்கள் மாறுகின்றனவா என்று பாருங்கள். ஒரே ஆட்கள் என்றால் சிக்கல் மேசைக்கு அதைவிட நல்ல அளவு கிடையாது. பெரிய அரங்கை விட்டு ஒரு வட்ட மேசைக்கு மாறிவிடுங்கள். முகங்கள் மாறுகின்றன, ஒருமுறை வந்தவர் திரும்புவதில்லை என்றால் குறை வரவேற்பில் இருக்கிறது. புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய உறுப்பினரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்றாம் நாள் அவரையே ஒரு போன் பேசச் சொல்லுங்கள். நான்கு மாதம் இதைச் செய்தும் மாற்றமில்லை என்றால், ஒரு கூட்டத்தில் எல்லோரிடமும் கலந்து பேசி நிறுத்துங்கள். உறுப்பினர்களின் விவரங்களை அழித்து, கணக்கை எழுதிக் காட்டி, மிச்சத்தை விதிப்படி ஒப்படையுங்கள்.