மூணு வருஷமா காய்க்காத பன்னீர் திராட்சை

வணக்கம் சிஸ்டர், மாடி பந்தல்ல கொடி மூணு வருஷமா இலையா தள்ளுது, ஒரு கொத்து கூட வரலன்னு போட்டிருந்தீங்க, உரம் கம்மியோன்னு கேட்டீங்க. உரம் இல்ல, நீங்க கவாத்தே பண்ணல போல, அதான் கிளைய வெட்டி விடறது. திராட்சை பழைய கட்டைல காய்க்காது, போன வருஷ கிளைல இருந்து வர்ற புதுத் தளிர்லதான் பூக்கும். தேனி மாவட்டம் கம்பம் பக்கம் டிசம்பர்-ஜனவரில ஒரு தடவ, மே-ஜூன்ல ஒரு தடவ வெட்டுவாங்க. பென்சில் தடிமன்ல முத்தின கிளைய 4, 5 கணு விட்டு வெட்டுங்க, நோஞ்சான் கிளைய ரெண்டு கணுவோட. மனசு கேக்காது, மொட்டையா நிக்கும், பரவால்ல, நானும் முத தடவ பயந்துகிட்டேதான் வெட்டினேன். யூரியாவ நிறுத்துங்க, அதான் இலையா தள்ளும், நல்ல வெயிலும் படணும்.

அதுவரைக்கும் அந்த இலைய வீணாக்காதீங்க, மருந்தடிக்காத இளசா பறிச்சு உப்புத் தண்ணில ரெண்டு நிமிஷம் கொதிக்கவிட்டு, அரிசி, வெங்காயம், புதினா வச்சு சுருட்டி வேகவைங்க, துருக்கில தோல்மான்னு சாப்பிடுறது இதுதான், லேசா புளிப்பா சூப்பரா இருக்கும். வீட்ல நாய் இருந்தா பழம் மட்டும் குடுத்துறாதீங்க, கிட்னிக்கு ஆகாது.