பெயின்ட் கொப்புளித்த அப்பாவின் கார்: இன்னொரு வெள்ளி கொடுப்பதற்கு முன்

கேள்வி: என் வயது 57. அப்பா விட்டுச் சென்ற 1966ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காரைச் சீர்ப்படுத்தி, கிளாசிக் வாகனத் திட்டத்தில் (பழைய கார்களை ஆண்டுக்குச் சில நாள் மட்டும் ஓட்ட விடும் திட்டம்) வைத்திருக்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் 9,800 சிங்கப்பூர் வெள்ளிக்கு முழுக்க பெயின்ட் அடித்தேன். முன்பணம் 3,000 கிரெடிட் கார்டில், மீதி பேநவ் (வங்கிப் பணமாற்று) வழியாக. இப்போது பானெட்டிலும் முன் மட்கார்டுகளிலும் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. பட்டறைக்காரர், “நம்ம ஊர் ஈரத்துக்கு அப்படித்தான் வரும். 2,800 கொடுங்கள், தேய்த்து மறுபடி அடித்துத் தருகிறேன்” என்கிறார். வேறொரு பட்டறை, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு அடிக்க 11,600 கேட்கிறது. மூன்று மாதத்தில் மகளுக்குத் திருமணம். அவள் தாத்தாவின் காரில்தான் மண்டபத்துக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. மசேநிதியிலிருந்து (மத்திய சேம நிதி) எடுக்கலாமா, கார்டில் போட்டு மாதாமாதம் கட்டலாமா? 12,000 வெள்ளி வைப்புத்தொகை இருக்கிறது, ஆனால் முதிர இன்னும் ஐந்து மாதம் ஆகும். (ஈசூன் வாசகர்)

பதில்: பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, இந்தச் செலவு யாருடையது என்பதை. உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், பெரும்பங்கு உங்களுடையது இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கான சாட்சி இப்போது உங்கள் பானெட்டின் மேல்தான் இருக்கிறது. 2,800 வெள்ளி கொடுத்துத் தேய்க்கவிட்டால் அது தூளாகப் போய்விடும். என் அண்ணனின் பழைய வெஸ்பாவில் இதேதான் நடந்தது. நல்ல மனசோடு ஒப்புக்கொண்டு மறுபடி அடிக்கக் கொடுத்தார். சில மாதத்தில் அதே இடத்தில் கொப்புளம் வந்தது. முதல் வேலை எப்படி இருந்தது என்று காட்ட அவரிடம் ஒரு படம்கூட இல்லை.

அதனால் இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வையுங்கள், கொப்புளத்தின் அளவு தெரியட்டும். முழுக் காரையும் ஒருமுறை, ஒவ்வொரு இடத்தையும் கிட்டத்தில் ஒருமுறை. விலைப்பட்டியல், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள்.

ஊர் ஈரம் என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம். உங்கள் புளோக்கின் பலமாடி நிறுத்துமிடத்தில் இருக்கும் மற்ற கார்களும் இதே காற்றில்தான் நிற்கின்றன. பெயின்ட் கொப்புளிப்பது பெரும்பாலும் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன் விட்ட குறையால். பட்டி (தகரத்தின் பள்ளத்தை நிரப்பும் பசை) ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் விட்டுத் தேய்த்து, காயவிடாமல் அவசரமாக பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டு, வெயிலில் சூடேறும்போது மேலே தள்ளும். தகரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ கைவியர்வையின் உப்போ இருந்தாலும் இதே கதைதான். துருவை முழுக்க எடுக்காமல் மூடியிருந்தால் அது உள்ளேயே வளரும்.

எது என்று கண்டுபிடிக்க, விபத்துக் கார்களைப் பார்த்து அறிக்கை எழுதித் தரும் வாகன மதிப்பீட்டாளர் ஒருவரைப் பிடியுங்கள். கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயின்ட் கனத்தை அளக்கும் கருவியைத் தகரத்தில் வைத்துப் பார்ப்பார். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருக்கும். மறுபடி அடித்த காரில் 200, 300 வருவது இயல்பு. 1,000-ஐத் தாண்டினால் கீழே கனமான பட்டி இருக்கிறது என்று பொருள். அவர் முன்னால், வீடியோ ஓடும்போது, ஒரே ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்தச் சொல்லுங்கள். தண்ணீர்ச் சொட்டு வருகிறதா, பழுப்புத் தூள் வருகிறதா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த 11,600. இதில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மோரிஸ் மைனரில் மட்கார்டின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதி, தரை, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாம் துரு பிடிப்பதில் பேர் போனவை. இரண்டாவது பட்டறை தன் கணக்கில் தகர வேலையையும் சேர்த்திருந்தால், அந்தத் துரு முதல் பட்டறை உண்டாக்கியது அல்ல. பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, சுரண்டி அடிக்க 8,400, தகர வேலைக்கு 3,200 என்று வந்தால், நீங்கள் நியாயமாகக் கேட்கக்கூடியது 8,400-உம் அறிக்கைச் செலவும்தான். முதல் பட்டறையின் விலைப்பட்டியலில் “தகரம் தெரியும்வரை சுரண்டித் துரு நீக்கி” என்ற வரி இருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படியுங்கள். கார்ப் பட்டறைகள் நிறைந்த சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் இன்னொரு விலையும் வாங்கி வையுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் பட்டறைக்கு எழுத்தில் அனுப்புங்கள். சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுத்து, இரண்டு வாரக் கெடு வையுங்கள். அவர்கள் பாதிப் பணம் தருகிறேன் என்றால் சந்தோஷம்தான், ஆனால் “இத்துடன் எல்லாம் முடிந்தது” என்ற காகிதத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். சங்கம் பேசிப் பார்க்கும், கட்டாயப்படுத்த அதற்கு அதிகாரம் இல்லை. கட்டாயப்படுத்துவது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, அது உங்களுக்கு நல்லதுதான். பயனீட்டாளருக்கு 10,000 வெள்ளிக்குள் உள்ள கோரிக்கையைப் பதிய 20 வெள்ளிக்கு மேல் ஆகாது. லெமன் சட்டத்தை (குறையுள்ள பொருளுக்குத் தீர்வு தரும் சட்டம்) நம்பாதீர்கள், அது வாங்கிய பொருளுக்குத்தான், வேலைக்கு இல்லை. போவதற்கு முன் அந்தப் பட்டறை நிறுவனம் இன்னும் பதிவில் இருக்கிறதா என்று பிஸ்ஃபைலில் (நிறுவனங்களின் அரசாங்கப் பதிவுத் தளம்) பார்த்துவிடுங்கள். மூடிவிட்ட நிறுவனத்தின் மேல் தீர்ப்பு வாங்கிப் பயனில்லை. கார்டில் கட்டிய 3,000-க்கு வங்கியிடம் தகராறு பதிய முடியுமா என்று இன்றே போன் செய்து கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு, ஐந்து மாதம் என்பது தாமதம்தான்.

இனி உங்கள் கேள்வி. கார்டு வேண்டவே வேண்டாம். ஆண்டுக்கு 27 விழுக்காடு வட்டி என்று வைத்தால் 11,600-க்கு முதல் மாதம் மட்டும் 260 வெள்ளி ஆகும். அதே தொகை மசேநிதி சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காட்டில் ஓர் ஆண்டு முழுக்கத் தருவது 290. மசேநிதியையும் தொடாதீர்கள். உங்களுக்கு 57 வயது, அந்தப் பணம் மாதாமாதம் சோறு போட வேண்டிய பணம். கடைசி வழியாக வைப்புத்தொகையை உடைக்கலாம், வட்டிதான் போகும். ஆனால் அதற்கும் இப்போது அவசரம் இல்லை. கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டப்போகிறீர்கள். வைப்புத்தொகை முதிரட்டும், அதற்குள் கோரிக்கையும் ஒரு கரைக்கு வந்துவிடலாம். அதுவரை பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளே தங்கும். காற்று போகும் துணி உறை போதும்.

மகள் அந்தக் காரிலேயே வரட்டும். அந்த 45 நாளில் ஒன்றைத் திருமணத்துக்கு எடுத்து வையுங்கள். கல்யாணக் காரின் பானெட்டில் எப்படியும் பூவலங்காரம் வரும். மல்லிகைச் சரங்களை இரண்டு மட்கார்டுகளிலும் தாராளமாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். பூக்காரரிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: டேப் எதையும் பெயின்டில் ஒட்டக் கூடாது, உரிக்கும்போது கொப்புளத்தோடு பிய்ந்து வரும். நாடாவைப் பானெட்டுக்கு அடியில் கொண்டுபோய்க் கட்டச் சொல்லுங்கள்.