விடிய நடக்கிற பழக்கம் நாலாம் நாளே நிற்பது ஏன்?

கிளிநொச்சியில் இருந்து கேட்டிருக்கிறீங்கள்: விடிய நடக்கத் தொடங்கினால் நாலு நாளில் விட்டுப்போகுது, என்ன செய்யலாம்?

முதல் நாளே குளக்கட்டில் ஒரு மணித்தியாலம் நடப்பதுதான் பிழை. கால் உளைஞ்சால் மனம் பின்னடிக்கும். பத்து நிமிடத்தில் தொடங்கி, கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கோ. கிழமையில் 5 நாள், 30 நிமிடம் வேகமாக நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் சரி.

அதை ஏற்கனவே செய்யிற ஒன்றோடு கட்டுங்கோ: தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பு, படலை, றோட்டு. நன்றாக விடிந்ததும் இறங்குங்கோ. இருட்டில் யானைப் பயம், பிந்தினால் வெயில். மாரியில் விறாந்தையில் நடந்தாலும் கணக்குத்தான்.

2009இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், பழக்கம் தானாக வர எடுத்தது நடுவாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் தவறினது பெரிதாகப் பாதிக்கவில்லை. மழைக்கு ஒரு நாள் விட்டால் அடுத்த நாளே படலையைத் திறவுங்கோ.