மெழுகுவர்த்தி அணையாவிட்டால் செப்டிக் டேங்க்கில் இறங்கலாமா?

கேள்வி: மதுரையில் பழைய கட்டடங்களை இடித்துக் கொடுக்கும் சிறிய ஒப்பந்தக்காரன் நான். இப்போது 40 வருடப் பழைய லாட்ஜ் ஒன்றை எடுத்திருக்கிறேன். அது மூடிக் கிடந்து 2 வருடம் ஆகிறது. பின்பக்கம் பெரிய செப்டிக் டேங்க், முன்பக்கம் தண்ணீர் சம்ப். டேங்க் வற்றிவிட்டது, அடியில் கொஞ்சம் சேறுதான். உள்ளே ஆள் இறங்கி நடுச்சுவரை உடைத்துக் கம்பியை எடுத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்து, எரிந்தால் இறங்கலாமாம். இது சரியா? கேஸ் மீட்டர் கட்டாயம் வேண்டுமா?

பதில்: சரியில்லை. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஆள் எதற்கு இறங்க வேண்டும்? டேங்க்கைக் கழுவி மறுபடி பயன்படுத்தப் போகிறவருக்குத்தான் உள்ளே வேலை. நீங்கள் அதை இல்லாமல் ஆக்கப் போகிறவர். கூரையைப் பெயர்த்துவிட்டால் அது மூடிய அறையே இல்லை, திறந்த பள்ளம். ஜேசிபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை இறக்குவானேன்?

முதலில் மெழுகுவர்த்தி. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே உள்ளே ஆள் இருக்கக் கூடாது. ஆனால் மெழுகுவர்த்தி அணைவது சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான். அதாவது உங்கள் ஆளுக்குத் தலை சுற்றத் தொடங்கும் இடத்திலும் அது எரிந்துகொண்டிருக்கும். செப்டிக் டேங்க்கில் ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு சில நூறு பிபிஎம் (அதாவது, காற்றின் பத்து லட்சம் பங்கில் சில நூறு பங்கு) இருந்தால் போதும், உயிருக்கு ஆபத்து. அந்த அளவுக்குச் சுடர் அசையக்கூட அசையாது. மீத்தேன் என்ற எரிவாயு 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தாலோ, மெழுகுவர்த்தியே அதைப் பற்றவைத்துவிடும்.

‘நாற்றம் இல்லை, அதனால் கேஸ் இல்லை’ என்பது இன்னொரு நம்பிக்கை. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். 100 பிபிஎம் தாண்டினால் மூக்கின் நுகரும் சக்தியே மரத்துப்போகும். நாற்றம் திடீரென்று நின்றால் அது கேஸ் கூடியதாலும் இருக்கலாம். 700 பிபிஎம் அளவில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார்.

அந்தச் சேறுதான் எனக்குக் கவலை. மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும், அடியில் வாயு அடைபட்டுக் கிடக்கும். காலை வைத்ததும், கடப்பாறையால் குத்தியதும், குலுக்கிய சோடா போலக் குபுக்கென்று வெளியேறும். ஐந்து நிமிடம் முன்பு மீட்டர் நல்ல எண்ணைக் காட்டியிருந்தாலும் அதற்கு அர்த்தமில்லை. இடிக்கும் தளத்தில் இந்த ஆபத்து கூடுதல். பக்கத்தில் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் அதிர்கிறது, இடிபாடு சரிகிறது, சேறு கலங்குகிறது. டீசல் எஞ்சின் பள்ளத்தின் ஓரமாக நின்றால் அதன் புகையும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே இறங்கும்.

இனி வேலை முறை. கட்டடத்தில் கை வைக்கும் முன்பே உரிமையாளரையோ பழைய வாட்ச்மேனையோ கூட்டிவந்து டேங்க், சம்ப், கிணறு எங்கே என்று காட்டச் சொல்லி, சுண்ணாம்புக் கோடு போடுங்கள். 40 வருட ஸ்லாபில் கம்பி துருப்பிடித்திருக்கும். அதன்மேல் 7, 8 டன் ஜேசிபி ஏறினால் வண்டியோடு ஆபரேட்டரும் உள்ளே. பிறகு கழிவுநீர் லாரியை வரவழைத்துச் சேற்றை உறிஞ்சச் சொல்லுங்கள். கெட்டியாக இருந்தால் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி உறிஞ்சட்டும், குழாய் மட்டும் உள்ளே போகட்டும். எல்லா மூடிகளையும் திறந்து, சுற்றிக் கயிறு கட்டி, ப்ளோயர் வைத்துக் காற்றை உள்ளே தள்ளுங்கள். பிரேக்கர் உரசினாலும் பொறி பறக்கும் என்பதால், மீட்டரின் குழாயை மூடி வழியாக இறக்கி எரிவாயு இல்லை என்று பார்த்த பின்பு ஸ்லாபை உடையுங்கள். வண்டி காற்று வரும் பக்கமாக, டேங்க் விளிம்பிலிருந்து தள்ளி நிற்கட்டும். நடுச்சுவரையும் மேலிருந்தே தட்டிவிட்டு, வாளியால் கம்பியை இழுத்துப் போட்டு, வெளியே வைத்து வெட்டுங்கள். கேஸ் கட்டரைப் பள்ளத்துக்குள் கொண்டுபோகவே வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனம், ஹோஸ் லேசாகக் கசிந்தாலும் அடியில் தேங்கும். ஆக்ஸிஜன் கசிந்தால் போட்டிருக்கும் சட்டையே பொசுக்கென்று பற்றிக்கொள்ளும்.

நல்ல தண்ணீர் சம்ப்தானே என்று அலட்சியம் வேண்டாம். மூடிக் கிடந்த சம்ப்பில் எப்போதோ விட்டுப்போன சென்ட்ரிங் பலகை அழுகினாலும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். இரும்புத் தொட்டியில் துரு ஏறினாலும் அதே கதை. அதையும் மேலிருந்தே உடையுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்க் கழிவை அள்ள ஆளை இறக்கினால், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. ‘ஆளுக்கு மேஸ்திரி பொறுப்பு’ என்று எழுதி வாங்கும் காகிதம் உங்களைக் காப்பாற்றாது.

யாராவது தவறி விழுந்துவிட்டால் இன்னொருவர் குதிக்கக் கூடாது. சொல்வது சுலபம், உள்ளே கிடப்பது தம்பியாகவோ மச்சானாகவோ இருக்கும். பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. ப்ளோயரை ஓட்டிக்கொண்டே 112-ஐ அழையுங்கள். மூச்சுக்கருவியோடு தீயணைப்பு வீரர்கள் இறங்கட்டும். துணி மாஸ்க்கோ பெயின்ட் அடிக்கும் மாஸ்க்கோ ஆக்ஸிஜன் தராது.

மீட்டர் வேண்டுமா என்றால், வேண்டும். ஆக்ஸிஜன், எரிவாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு நான்கையும் காட்டுவதாக இருக்கட்டும். மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் பாருங்கள். மீத்தேன் மேலே நிற்கும், ஹைட்ரஜன் சல்பைடு அடியில் படியும். வாடகைக்கு எடுத்தால் கடைசியாக எப்போது காலிபரேஷன் (அளவு சரியா என்ற சோதனை) செய்தார்கள் என்று சான்றிதழைக் கேளுங்கள். கடை வாசலில், திறந்தவெளியில் ஆன் செய்து பாருங்கள். ஆக்ஸிஜன் 20.9 காட்டாவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.