வாவி நண்டும் சிங்கப்பூர் இன்டர்ன்ஷிப்பும்

கேள்வி: வந்தாறுமூலை கம்பஸில் பொருளியல் இறுதியாண்டு படிக்கிறேன். சிங்கப்பூரில் ஒரு வணிகச் சங்கத்தின் சர்வதேச வர்த்தக ஆய்வுப் பிரிவில் மூன்று மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அப்பா வாவியில் நண்டு பிடிப்பவர், எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு வேலைக்கு யாரும் போனதில்லை, பயமாக இருக்கிறது. என்ன வேலை தருவார்கள்? போக முதல் எதைப் படிக்கலாம்?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: நல்ல செய்தி தங்கச்சி, தைரியமாகப் போங்கள். சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் கம்பனிகள் இந்தச் சாமானை எந்த நாட்டில் வாங்கலாம், வரி எவ்வளவு, வேறு யார் விற்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் இலக்கங்களைத் தேடி எடுத்து இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஆனால் அந்த இலக்கத்தைப் பிழையில்லாமல் எடுப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. எல்லாச் சாமானுக்கும் எச்.எஸ். கோட் என்று வகை பிரிக்கும் எண் ஒன்று உண்டு, உலக சுங்க அமைப்பு வைத்திருப்பது, முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் பிரிக்கும். அப்பா பிடிக்கிற நண்டையே எடுங்களேன். உயிரோடோ ஐஸில் வைத்தோ போனால் 030633, உறைய வைத்துப் போனால் 030614. இதில் 030633 என்பது 2017 இல் வந்த எண், அதற்கு முதல் உயிர் நண்டு 030624 இல் இருந்தது, காய வைத்ததும் உப்புப் போட்டதும் அதே எண்ணுக்குள். இது தெரியாமல் 030633 ஐ மட்டும் வைத்து 2010 இலிருந்து அட்டவணை போட்டால், சிங்கப்பூர்க் கடைகளில் இலங்கை நண்டு பேர் வாங்கியிருந்த வருடங்களில் நம்மிடமிருந்து ஒரு நண்டும் போகவில்லை என்று காட்டும்!

இன்னொன்று. இலங்கைச் சுங்கம் காட்டும் ஏற்றுமதிக் கணக்கும் சிங்கப்பூர் காட்டும் இறக்குமதிக் கணக்கும் ஒத்துவராது. நாம் இங்கே ஏற்றிவிடும் விலையைப் பதிகிறோம், அவர்கள் போக்குவரத்துக் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்துப் பதிகிறார்கள். நான் பிழை விட்டேனாக்கும் என்று இரண்டு நாள் தலையைப் பிய்க்க வேண்டாம்.

நான் இப்படி ஒரு இடத்தில் இருந்தபோது முதல் கிழமையே ஒரு பிழை விட்டேன். நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் காட்டும் ட்ரேட் மேப் தளத்தில் பெறுமதி ஆயிரம் டொலர் கணக்கில் இருக்கும், அட்டவணைக்கு மேலே சின்னதாக எழுதியிருப்பார்கள், நான் பார்க்காமல் வெறும் டொலர் என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி பிடித்ததால் தப்பியது. அன்றிலிருந்து எந்த அட்டவணையிலும் அலகைத்தான் முதலில் பார்ப்பேன்.

போக முதல் செய்ய வேண்டியது இதுதான்: ட்ரேட் மேப்பிலோ, அதேபோன்ற ஐ.நா.வின் வர்த்தகத் தரவுத் தளமான காம்ட்ரேடிலோ ஒரு கணக்குத் திறந்து, இலங்கை நண்டு எந்தெந்த நாட்டுக்குப் போகிறது என்று பத்து வருடத்துக்கு எடுங்கள். எடுத்துவிட்டு அப்பாவிடம் உட்கார்ந்து கேளுங்கள், எந்த மாதம் நண்டு குறையும், என்ன அளவுக்கு என்ன விலை, கொழும்புக்குப் போக முதல் எத்தனை சாகும் என்று. அந்த அலுவலகத்தில் எக்ஸல் தெரிந்தவர்கள் நிறைய இருப்பார்கள், அந்த இலக்கத்துக்குப் பின்னால் வாவியில் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆள் அங்கே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள், இந்த அறிக்கைகளில் சின்னச் சின்ன வசனங்கள்தான்.

விசா விஷயத்தில் மட்டும் கவனம். சுற்றுலா போவதுபோல இறங்கி வேலை செய்யக் கூடாது. சிங்கப்பூரில் பயிற்சிக்கென்று தனி அனுமதி உண்டு, கூடியது மூன்று மாதம், அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது அந்தச் சங்கம்தான், நீங்கள் இல்லை. மாதக் கொடுப்பனவு எவ்வளவு, தங்குமிடம் யார் பொறுப்பு என்பதையும் இப்போதே எழுத்தில் கேளுங்கள், அங்கே அறை வாடகை கடுமை. இடையில் யாராவது காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நண்டு அட்டவணை முடிந்ததும் இந்தப் பகுதிக்கே அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.