மூவாயிரம் பங்குகள்

அன்புள்ள சார்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். டெலகிராம் குரூப்பில் சொன்னார்கள் என்று ஒரு ஸ்மால்கேப் (சிறு நிறுவன) பங்கை 212 ரூபாயில் 500 வாங்கினேன். 170-க்கு இறங்கியதும் ஆவரேஜ் பண்ண, அதாவது சராசரி விலையைக் குறைக்க, 1,000. 140-ல், மனைவியின் ஐந்து பவுன் செயினை அடகு வைத்து இன்னும் 1,500. இப்போது நாலு நாளாக லோயர் சர்க்யூட், ஒரு நாளில் இறங்கக்கூடிய கடைசி விலையிலேயே நிற்கிறது, விலை 94. 110-க்கு இறங்கினால் விற்கும்படி ஸ்டாப் லாஸ் போட்டிருந்தும் விற்கவில்லை. எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று விலை எப்படிப் போகும் என்பதன் மேல் போடும் ஒப்பந்தங்கள்) விட்டதைப் பிடித்துவிடலாம் என்கிறான் நண்பன். ராத்திரி தூக்கமே இல்லை. ஆவணியில் மைத்துனன் கல்யாணம், செயினைக் கேட்பாள். என்ன செய்யட்டும்?

கே.

அன்புள்ள கே.,

கணக்கு எழுதுபவர் நீங்கள், கணக்கிலிருந்தே தொடங்குவோம். போட்டது 4,86,000. இன்றைய மதிப்பு 2,82,000. சராசரி விலை 212-லிருந்து 162-க்கு இறங்கியபோது மனசுக்கு இதமாக இருந்திருக்கும். அந்த இதத்துக்காக, 1,06,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்தை நாலரை மடங்குக்கு மேல் பெரிதாக்கிவிட்டீர்கள். முதல் 500-ஓடு நின்றிருந்தால் நஷ்டம் 59,000. இப்போது 2,04,000.

கிண்டல் செய்யவில்லை. 2018-ல் ஸ்மால்கேப் பங்குகள் சரிந்தபோது நானும் இதையேதான் செய்தேன். எதை ஏன் வாங்கினேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. முதல் முறை வாங்கியதற்கு அரைப் பக்கம் காரணம் எழுதியிருக்கிறேன். மூன்றாவது முறைக்கு எதிரே இரண்டே சொல்: "எப்படியும் ஏறும்."

ஸ்டாப் லாஸ் ஓர் உத்தரவு, உத்தரவாதம் இல்லை. விலை 110-ஐத் தொட்டதும் உங்கள் ஆர்டர் வரிசைக்குப் போயிருக்கும், ஆனால் எதிரே வாங்க ஆளில்லை. தாறுமாறாக ஆடும் சின்னப் பங்குகளில் இதுதான் நடக்கும். அங்கே உங்கள் கையில் இருப்பது எண்ணிக்கை ஒன்றுதான், அதையும் வாங்குவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். 5 லட்சம் வைத்திருப்பவர் ஒரு பங்கில் 5,000-க்கு மேல் விடமாட்டேன் என்று முடிவு செய்கிறார் என்று வையுங்கள். 200-ல் வாங்கி 180-ல் வெளியேறுவதென்றால் பங்குக்கு 20 ரூபாய் போகும், அதனால் 250 பங்குதான் வாங்கலாம், 50,000 ரூபாய். சர்க்யூட்டில் சிக்கி பாதியாகிப் போனாலும் 25,000-தான். வலிக்கும், ஆனால் செயின் கழுத்திலேயே இருக்கும்.

இனி செய்ய வேண்டியது. இன்று இரவே ஆஃப்டர் மார்க்கெட் ஆர்டராக (சந்தை மூடிய பிறகு போடும் ஆர்டர்), மறுநாளின் லோயர் சர்க்யூட் விலைக்கே விற்கப் போடுங்கள். ஒரே விலைக்கு நிற்பவர்களில் முதலில் வந்தவருக்கே முதலில் விற்கும். அன்று விற்காவிட்டால் மறுபடி போடுங்கள். 94-க்கே போனாலும் சுமார் 2,250 பங்கு விற்றால்தான் அடகுக் கடனின் அசல் அடையும், வட்டி தனி. மிச்சத்தையும் விற்றுவிடுங்கள் என்பேன். 162-ஐத் திரும்பத் தொட அது 72 சதவீதம் ஏற வேண்டும். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்தப் பங்குக்குத் தெரியாது.

நண்பரிடம் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2024 அறிக்கையைக் காட்டுங்கள். மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம். நீங்கள் அங்கே போகாமலே அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஒரு சின்ன ஆறுதல்: வருமான வரி ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் இந்த நஷ்டத்தை எட்டு வருடம்வரை பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழிக்கலாம். சம்பளத்தில் கழிக்க முடியாது.

தூக்கம் போனதற்குப் பங்கு காரணமில்லை என்று நினைக்கிறேன். அடகுச் சீட்டை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? அதை எடுத்து உங்கள் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள், ஆர்டர் போடுவதற்கு முன்னால். அவர் கோபப்படுவார், இரண்டு நாள் பேசாமலும் இருப்பார். ஆவணிக்குள் மீட்க முடியாமல் போனால் கல்யாணத்துக்கு என்ன போட்டுக்கொள்வது என்று யோசிக்க அவருக்கும் கொஞ்சம் நாள் வேண்டுமல்லவா?