பேச்சு முறிந்தால் படகு வரும் – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

போரை நிறுத்தச் சொல்லி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மனதைத் தொட்டது, கூடவே கோபமும் வந்தது. உக்ரைனிலும் காசாவிலும் குண்டு போடுகிறவர்கள், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்து ஒருவர் தமிழில் எழுதுவதையா வாசிக்கப் போகிறார்கள்? பேசித் தீர்க்கலாம் என்கிறீர்கள். இலங்கையில் எத்தனை தடவை பேசினார்கள்? ஒவ்வொரு தடவையும் முறிந்துதானே போனது? பலம் உள்ளவன் ஜெயிக்கிறான், அதோடு போர் முடிகிறது. சமாதானம் என்பது தோற்றவர்களின் பேச்சு என்றே எனக்குப் படுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வாசகர், பரமக்குடி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பிக்கு,

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் வயதில் நானும் இப்படித்தான் பேசினேன். 1980களில் இந்தக் கரையில் வளர்ந்த பையன்களுக்கு இலங்கைப் போர் என்பது டீக்கடை வானொலியில் வரும் செய்தி. அங்கே இத்தனை பேர் செத்தார்கள் என்றால், செத்தது யார் என்று பார்த்துக் கை தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

1990 ஜூனில் இலங்கை அரசும் புலிகளும் நடத்திய பேச்சு முறிந்து சண்டை மறுபடி மூண்டது. சில நாளில் அங்கிருந்து அகதிகளின் படகுகள் இந்தக் கரைக்கு வரத் தொடங்கின. அந்த அலையில் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். நான் அப்போதுதான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பெயர் எழுத ஆள் போதவில்லை என்று எங்களில் சிலரைக் கூப்பிட்டார்கள். வரிசையில் மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர், இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, தலையில் ஒரு சாக்குப் பை. நகை, துணிமணி எதுவும் இல்லை. பையில் என்ன என்று கேட்டேன்.

"விதைநெல். மழைக்கு முன்னம் திரும்பிப் போயிடலாம்தானே, மாஸ்டர்?"

கட்டுக்கரைக் குளத்துப் பாசனத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் இருந்தது. ஐப்பசி மழைக்கு விதைக்க வேண்டும். நான் "போயிடலாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தப் பை மண்டபம் அகதி கேம்ப் அறையில், எலி எட்டாத உயரத்தில், ஆணியில் தொங்கியது. ஒரு மழைக்காலம் போனது, இன்னொன்றும் போனது. மூன்றாம் வருடம், இனி இது முளைக்காது என்று அவரே இறக்கிக் குத்திச் சோறாக்கினார். எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார். சாப்பிட்டேன். நியாயம் யார் பக்கம் என்பதில் எனக்கு அன்றும் கருத்து உண்டு, இன்றும் உண்டு. கை தட்ட மட்டும் அதன்பிறகு முடியவில்லை.

சரி, பேச்சு பயனற்றது என்கிறீர்கள். இந்தக் கரையில் நின்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு முதல் அலை வந்தது. அப்புறம் 1990. 1995 ஏப்ரலில் பேச்சு முறிந்தது, அடுத்த வருடம் படகுகள் வந்தன. 2006இல் மறுபடி சண்டை, மறுபடி படகு. நார்வே நடுவில் நின்று 2002 பிப்ரவரியில் செய்துவைத்த போர்நிறுத்தத்தை இரண்டு தரப்பும் மீறின, உண்மைதான். ஆனாலும் அது ஓரளவு நின்ற காலத்தில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் மணல்திட்டில் இறங்கியவர்கள் அரிது. ஊருக்குத் திரும்பியவர்களும் உண்டு. ஓட்டைப் போர்நிறுத்தமும் இத்தனை பேரைக் காத்தது. அந்த நாலு வருடத்தில் ஒரு தீர்வைக் கட்டி எழுப்பாமல் விட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

ஜெயித்தால் போர் முடிகிறது என்கிறீர்கள். 2009 மே மாதம் முடிந்ததாக அறிவித்தார்கள். மறு வருடம் அந்த அம்மாவின் மகன் வயலைப் பார்க்கப் போனான். வரப்பில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நின்றது. மிதிவெடியைப் புதைக்கச் சில நிமிடம் போதும். அதை எடுக்க ஒருவர் முட்டி போட்டு, விரற்கடை விரற்கடையாக மண்ணைச் சுரண்ட வேண்டும். அங்கே அந்த வேலையைச் செய்கிறவர்களில் போரில் கணவனை இழந்த பெண்களும் இருக்கிறார்கள். காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சித் தாய்மார் 2017 பிப்ரவரியில் தெருவோரம் உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலே செத்துப்போனவர்கள் அவர்களில் பலர்.

இங்கே மட்டும் முடிந்ததா? 1991இல் இதே மண்டபத்தில் அகதிகளுக்குப் பிறந்து என்னிடம் படித்த பெண் ஒருத்தி. வகுப்பில் முதலாவதாக வருவாள். தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை என்று 1987 ஜூலையில் இருந்து சட்டம். 2019இல் வந்த திருத்தமும் இலங்கையில் இருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. அரசு வேலைக்கு மனுப் போடவே அவளால் முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், எங்கள் ஆட்களுக்கே கோபம் வரும். இலங்கைக் கடற்படையால் நம் மீனவர்கள் செத்திருக்கிறார்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் போர்க்காலத்தில் கடலுக்குப் போகவே முடியாமல் கிடந்த மன்னார், யாழ்ப்பாண மீனவர்கள், போர் ஓய்ந்து கடன் வாங்கி வலை விரித்தபோது, அந்த வலைகளை அறுத்தவை நம் விசைப்படகுகளின் இழுவை மடிகள். சமாதானம் கட்டுவதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அதை நாம் செய்யவில்லை.

எந்தத் தளபதியும் என்னை வாசிக்க மாட்டார். தம்பி, நான் எழுதுவது டீக்கடையில் கை தட்டுகிறவர்களுக்கு. உக்ரைன் ஆகட்டும், காசா ஆகட்டும், முதலில் சுடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய மறுநாளே வெடி எடுக்கவும், காணாமல் போனவர்களைத் தேடவும், ஓடியவர்களைத் திரும்ப அழைக்கவும் தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள், அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி மண்டபம் வாருங்கள். என் வீட்டில் சாப்பிடலாம். அந்த அம்மாவையும் வரச் சொல்கிறேன், எழுபது தாண்டிவிட்டார். நீங்கள் பரமக்குடி என்றதும், இந்த வருஷம் மழை எப்படி, மிளகாய் என்ன விலை போகிறது என்றுதான் முதலில் கேட்பார்.

அன்புடன்,
மண்டபத்தில் இருந்து